பள்ளி முகாமுக்குத் துணையாகச் செல்லும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஏலகிரி போன்ற மலைகளில் இரண்டு நாள் கூடார முகாம் நடத்தும் பள்ளிகள், ஆசிரியர்களுக்குத் துணையாகச் சில பெற்றோரையும் உடன் வருமாறு கேட்பதுண்டு. ஒப்புக்கொள்பவர், தாம் வருவது எல்லாப் பிள்ளைகளுக்காகவும்தான் என்பதைத் தம் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தம் பிள்ளை இல்லாத குழுவை ஆசிரியரிடம் கேட்டுப் பெறுவது இன்னும் நல்லது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே இருக்கும்போது மற்றவர்கள் மீதான கவனம் நம்மை அறியாமலே குறைந்துவிடும்.

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் அமர்த்தி, கைப்பேசியையோ புத்தகத்தையோ பார்க்க விடாமல், வெளியே பார்க்கச் செய்யுங்கள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அவற்றை வாசிக்கச் சொன்னாலே பார்வை வெளியில் நிற்கும்.

துணையாக வருபவரின் தலையாய வேலை எண்ணிக்கை எடுப்பது. ஓடியாடும் பிள்ளைகளைத் தலை எண்ணினால் ஒருவரை இரு முறை எண்ணிவிடவோ விட்டுவிடவோ நேரும். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, வரிசையாக அவர்களையே உரக்கச் சொல்ல வையுங்கள். ஏழுக்குப் பிறகு எட்டு ஒலிக்கவில்லை என்றால், இல்லாதது யார் என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். பேருந்தில் ஏறும்போது மட்டுமன்றி, ஏலகிரியிலுள்ள சுவாமிமலைச் சிகரத்தில் ஏறும் முன்பும் இறங்கிய பின்பும், கழிப்பறைக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். மலையேற்றத்தில் ஒரு பெரியவர் முன்னேயும் ஒருவர் கடைசியிலும் நடக்க வேண்டும். கடைசியில் வருபவரைத் தாண்டி எந்தப் பிள்ளையும் பின்தங்கக் கூடாது.

உங்கள் மருந்துப் பையிலிருந்து பிறர் பிள்ளைக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை, வீசிங் உள்ளவர்களின் பட்டியலை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஹேலர் பேருந்தில் கிடந்தால் பயனில்லை. பிள்ளை இருக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும்.

இரவுதான் கடினமான பொழுது. வீட்டு நினைவில் அழும் பிள்ளையை அந்த நேரத்தில் அம்மாவுடன் பேச வைத்தால் பெரும்பாலும் அழுகை கூடுமே தவிரக் குறையாது. அருகில் அமர்ந்து, காலையில் என்ன செய்யப் போகிறோம் என்று பேசிக்கொண்டிருந்தாலே பலர் தூங்கிவிடுவார்கள். படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளைக்கு, அடுத்தவர் விழிக்கும் முன் மாற்றுடை கொடுத்து, விரிப்பை ஓசையின்றி அகற்றிவிட வேண்டும். அந்தப் பேச்சை மறுநாள் எடுக்கவே கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிறர் பிள்ளையுடன் மூடிய கூடாரத்தில் தனியாக இருக்காதீர்கள். இன்னொரு பெரியவரை அழைத்து வாசலில் நிறுத்திக்கொள்வது பிள்ளைக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. இரவில் கழிப்பறைக்குச் செல்பவர்கள் காலணியைத் தட்டிப் பார்த்து அணிந்து, டார்ச்சுடன், பெரியவர் துணையோடுதான் செல்ல வேண்டும்.

பாம்பு கடித்துவிட்டால் கயிற்றால் இறுகக் கட்டுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசையாது வைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது என்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முகாம் முடிந்த பிறகும் ஒரு கடமை இருக்கிறது. புதர்ப் பகுதிகளில் உள்ள நுண்ணிய பூச்சிகள் கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வேலூர் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்டது. கடித்த அன்றே அது தெரியாது. பெரும்பாலும் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு காணப்படலாம். எல்லோருக்கும் அது இருப்பதில்லை. மூன்று வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், மலையில் கூடாரத்தில் தங்கியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லும்படி, ஊர் திரும்பிய அன்றே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுங்கள்.