தொட்டியில் தேயிலை வளர்க்க ஆசையா?

தேயிலை மலையில் மட்டும்தான் வளரும் என்றில்லை. அடியில் துளை உள்ள, ஒன்றரை அடி ஆழத் தொட்டி இருந்தால் வீட்டிலும் வரும். விதை முளைக்க வாரக்கணக்கில் இழுத்தடிக்கும், அதனால் நாற்றாக வாங்குவதே மேல்.

செடி கெடுவது பெரும்பாலும் மண்ணாலும் தண்ணீராலும்தான். தேயிலைக்கு அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த தண்ணீரையே ஊற்றி வந்தால் இளம் இலை வெளிறி மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். என் முதல் செடி அப்படி ஆனபோது, உரம் போதவில்லை என்று நினைத்து உரத்தைக் கொட்டி இன்னும் கெடுத்தேன். அப்புறம் மழைநீருக்கு மாறியதும்தான் புதுத் துளிர் பச்சையாக வந்தது. சாம்பல், முட்டை ஓடு இரண்டும் சுண்ணாம்பைப் போலவே மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கும், இந்தத் தொட்டிப் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

காலை வெயில், மதிய நிழல். மண் ஈரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்க வேண்டாம்.

நுனியை அடிக்கடி கிள்ளிவிடுங்கள். விட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். கிள்ளினால் பக்கக் கிளை விட்டுப் புதராகும்.

பறிக்க 3 ஆண்டாவது பொறுக்க வேண்டும். ஒரு மொட்டும் இரண்டு இளம் இலையும் மட்டும் கிள்ளி, ஒரு நிமிடம் ஆவியில் காட்டி, உள்ளங்கையில் உருட்டிக் காயவைத்தால் பச்சைத் தேயிலை (கிரீன் டீ) தயார். கை நிறையப் பறித்தது ஒரு சிட்டிகையாகச் சுருங்கும், அதிர்ச்சி அடைய வேண்டாம்.