சீனப் 'பூச்சி' எழுத்தில் பூச்சியைத் தேடாதீர்கள்

சீனமோ ஜப்பானியமோ படிப்பவர்கள் சீக்கிரமே சந்திக்கும் எழுத்து 'ச்சுங்'. ஆறு கோடுகள்தான்: ஒரு சின்னப் பெட்டி, அதன் நடுவே இறங்கும் கோடு, அடியில் ஒரு படுக்கைக் கோடு, வலது ஓரத்தில் ஒரு புள்ளி. பொருள் பூச்சி, புழு. பெட்டி பூச்சியின் தலை, புள்ளி அதன் கால் என்று மனப்பாடம் செய்துகொள்வதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

3,000 ஆண்டுகளுக்கு முன், ஷாங் அரசர்கள் காலத்தில் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறிய வடிவத்தைப் பாருங்கள். பெரிய தலை, நெளிந்த உடல், வால். பாம்பேதான். கி.பி. 100 வாக்கில் ஷு ஷென் தொகுத்த 'ஷுவோவென்' அகராதியும் இதை விரியன் என்றே சொல்கிறது, தலை கட்டைவிரல் அளவு என்ற குறிப்போடு. அந்தப் பொருளில் இதை இன்றைய மாண்டரினில், அதாவது சீனாவின் பொதுமொழியில், 'ஹுய்' என்று வாசிக்க வேண்டும்.

அப்படியானால் 'ச்சுங்' எங்கிருந்து வந்தது? அதே பாம்பை மேலே ஒன்று, கீழே இரண்டு என மூன்று முறை எழுதினால் 18 கோடுகளில் ஒரு தனி எழுத்து. பூச்சிக்கு உரியது அதுதான். வேகமாக எழுதும்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் முன்பே இருந்தது. ஜப்பான் 1940-களிலும் சீனா 1950-களிலும் அதையே அதிகாரபூர்வமாக்கின. தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்றும் மூன்றுதான்.

ஜப்பானியத்தில் இதற்கு 'ச்சூ' என்பது ஒன்யோமி (சீனத்திலிருந்து வந்த வாசிப்பு), 'முஷி' குன்யோமி (ஜப்பானியச் சொல்லாக வாசிப்பது). 'கொன்ச்சூ' என்றால் பூச்சியினம், 'முஷிபா' சொத்தைப்பல். 'நடு' என்ற பொருள் தரும் எழுத்துக்கும் ஒன்யோமி 'ச்சூ'தான், பார்க்கவும் அது இதற்குள் இருப்பது போலவே தெரியும். உடனே, ஒலி அங்கிருந்து வந்தது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இது தற்செயல். 'ஹுய்' என்று வாசித்த காலத்திலேயே இந்தப் பெட்டி பாம்பின் தலையாக இருந்தது. மாண்டரினில் 'நடு' என்பது 'ஜுங்'. 'ச்சுங்' சொல்லும்போது மூச்சு பலமாக வெளியேறி, குரல் மேலே ஏற வேண்டும்.

பெரிய தவறு இன்னொன்று: ஒரு எழுத்தின் இடப்பக்கம் 'ச்சுங்' உறுப்பாக இருந்தாலே பூச்சி என்று நினைப்பது. பாம்பு, தவளை, இறால், வௌவால் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. வானவில்லிலும்கூட! பழைய எலும்பு எழுத்தில் வானவில், இரண்டு முனையிலும் தலை உள்ள ஒரு வளைந்த பிராணி. வட சீனப் பேச்சில் பாம்பு 'நீள ச்சுங்', பழைய கதைகளில் புலி 'பெரிய ச்சுங்'. (நம் ஊர்களிலும் பாம்பைப் பெயர் சொல்லாமல் 'பூச்சி' என்பார்கள்.) ஒலியை இந்த உறுப்பில் தேடாதீர்கள், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். கொசுவுக்கான எழுத்தின் வலப்பக்கம் 'வென்'. முழு எழுத்தும் 'வென்'.

அப்புறம், அழகான கதைகள். பட்டுப்புழுவின் இன்றைய எழுத்தில் மேலே 'வானம்', கீழே 'ச்சுங்'. 'வானம் தந்த புழு' என்கிறார்கள். உண்மையில் அந்த வடிவம் மண்புழுவைக் குறித்த வேறொரு பழைய எழுத்து. 'வானம்' அதில் ஒலிக்காக நின்றது. பட்டுப்புழுவின் 24 கோட்டு எழுத்துக்குச் சுருக்கமாகப் பிற்பாடு அதை எடுத்துக்கொண்டார்கள். 'தனிமை' எழுத்தில் நாயும் பூச்சியும் நிற்பதற்கும் அப்படித்தான் கதை கட்டுகிறார்கள். முழு வடிவத்தில் வலப்பக்கம் இருப்பது 'ஷு' என்ற ஒலிக்குறி. சுருக்கியபோது அதன் அடிப்பகுதி மட்டும் தப்பியது, அவ்வளவுதான்.