மூடி வைத்த பழைய கார்: ஒரு சக்கரம் மட்டும் சூடானது ஏன்?

4 வருடம் துணி போர்த்தி, துடைத்துத் துடைத்துக் காட்சிக்கு வைத்திருந்த 1968 மாடல் கார். வெளியே எடுத்து 10 நிமிடம் ஓட்டியதும் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் முன் இடது சக்கரத்தில் கை வைக்க முடியாத சூடு, கருகல் வாசனை. அரை மணி நேரம் நிறுத்தினால் தானாகவே சரியாகிவிடும். அதுதான் என்னைக் குழப்பியது.

பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது என்று நினைத்து, காலிப்பரைக் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றி, உள்ளே பேடைத் தள்ளும் பிஸ்டனில் இருந்த துருவைத் தேய்த்து, புது சீல் போட்டேன். அதே கதை. அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் ஆயிலைத் தள்ளும் பாகம்) மேல் சந்தேகம், அதையும் மாற்றினேன். (வலது சக்கரம் நன்றாகத்தானே சுற்றுகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.) 5 நாள் போனது.

கடைசியில், சக்கரம் பிடித்திருக்கும்போதே ஜாக்கி போட்டுத் தூக்கினேன். காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் இரும்புக் குழாயோடு சேரும் நட்டைத் தளர்த்தினேன், சக்கரம் அசையவில்லை. காலிப்பரில் உள்ள பிளீடர் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சின்னத் திருகு) திறந்ததும் பிரேக் ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் சுற்றியது. அப்படியென்றால் அடைப்பு நடுவே இருக்கும் ஹோஸுக்குள்.

வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. அறுத்துப் பார்த்தால் உள்சுவர் உப்பி, ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை. மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் போய்விடுகிறது. திரும்பி வரத்தான் வழியில்லை. எல்லா ஹோஸையும் மாற்றி, பழுப்பேறிய ஆயிலைக் கொட்டிப் புதிது ஊற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினேன். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். ஓடாத காருக்கும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இப்போது வாரம் ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். பாலிஷ் மங்கினால் மங்கட்டும்.