கண் மேலும் கீழும் தாவுகிறதா? போனில் பதிவுசெய்யும் முறை

படி இறங்கத் தடுமாறும் பிள்ளை. தட்டைப் பார்க்கத் தலையையே குனிகிறது. படிப்பிலும் கொஞ்ச நாளாகப் பின்தங்குகிறது. கண்ணைச் சோதித்தால் 6/6. இவை சேர்ந்து வந்தால் கண்ணாடிக் கடையோடு நிறுத்தாதீர்கள். நீமன்-பிக் சி என்ற பரம்பரை மூளை நோயில், ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வை சட்டென்று மேலும் கீழும் தாவுவதுதான் மூளையின் வேலைகளில் பெரும்பாலும் முதலில் கெடும். கண் தசையில் கோளாறு இருக்காது. தாவச் சொல்லும் நடுமூளை நரம்பணுக்கள்தான் பழுதாகின்றன.

பிள்ளை தூக்கக் கலக்கமில்லாத பகல் நேரம் பாருங்கள். ஒருவர் பின்னால் நின்று தலையை இரு கையாலும் அசையாமல் பிடிக்கட்டும். இன்னொருவர் முகத்துக்கு 40 செ.மீ. தள்ளி, ஒரு பேனாவை மேலேயும் ஸ்பூனைக் கீழேயும் 30 செ.மீ. இடைவெளியில் பிடித்து, "பேனா... ஸ்பூன்..." என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும், 10 முறை. பிறகு இரண்டையும் இடமும் வலமுமாகப் பிடித்து இதேபோல் செய்யுங்கள். போனை ஸ்லோ மோஷனில், கண்ணுக்குச் சற்றுத் தாழ்வாக வையுங்கள். நேராக வைத்தால் கீழே பார்க்கையில் இமை மறைத்துவிடும். சாதாரண வேகத்திலும் ஒன்று எடுங்கள்.

பலரும் தவறுவது இங்கேதான்: ஒரே பேனாவை மெதுவாக நகர்த்தி, "பின்னாடியே பாரு" என்பார்கள். அது வேறு நரம்புப் பாதை. ஆரம்பக் கட்டத்தில் அது நன்றாகவே இருக்கலாம். பொருள் நகரக் கூடாது, கண்தான் தாவ வேண்டும்.

சரியான கண் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்ச் சேரும். ஊர்ந்து போவது, பக்கவாட்டில் வளைந்து இறங்குவது, இமைத்த பிறகே நகர்வது, தலை உதறப் பார்ப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. இட-வலத் தாவல் மட்டும் மெதுவானால் காஷே என்ற இன்னொரு பரம்பரை நோயின் 3-ம் வகையையும் யோசிப்பார்கள். வலிப்பு மாத்திரைகளும் கண் அசைவை மாற்றும். பட்டியலைக் கொண்டுபோங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலோ, வேறு குழந்தை நரம்பியல் டாக்டரிடமோ வீடியோவைக் காட்டி, "மேல்-கீழ் தாவலைத் தனியாகப் பாருங்கள்" என்று கேளுங்கள். பிறந்தபோது மஞ்சள் காமாலை நீடித்ததா, மண்ணீரல் வீங்கியதா, சிரிக்கும்போது துவண்டு விழுகிறதா, மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணமா என எல்லாம் சொல்லுங்கள். ஆக்ஸிஸ்டெரால் ரத்தப் பரிசோதனையும் என்பிசி1, என்பிசி2 மரபணுச் சோதனையும் நோயை உறுதிசெய்ய உதவும். மிக்லுஸ்டாட் மருந்து நோயைக் குணப்படுத்தாது, ஆனால் நரம்புச் சிதைவின் வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் இந்த அவசரம்.

உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் இதேபோல் பதிவுசெய்து காட்டுங்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்நோய் வர 25% வாய்ப்பு உண்டு.