ஒலியை மிஞ்சும் குட்டி ஜெட்: செய்தி வந்தால் எங்கே சறுக்குகிறோம்?

ஒலியைவிட வேகமாகப் பறக்கும் தனியார் ஜெட் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காசு கொடுத்து வாங்கிப் பறந்ததில்லை. முயற்சிகளுக்கு மட்டும் குறைச்சல் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடக்கின்றன. சிங்கப்பூர் விமானக் கண்காட்சி நெருங்கினால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஊசி மூக்கோடு வெள்ளை வெளேரென்று ஒரு விமானப் படம் வந்து விழும். "இனி சென்னைக்கு இரண்டே மணி நேரம்" என்று கீழே ஒரு வரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானப் பொறியியல் படிக்கிற பிள்ளைகள்கூட அதை அப்படியே திட்ட அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்.

இந்தச் செய்திகளைப் படிக்கும்போதும் பகிரும்போதும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் சில உண்டு. அவற்றில் பெரியது, விமானத்தின் படத்தைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பற்றிக் கேட்காமல் விடுவது.

படம் வரைவது சுலபம். 1980களின் கடைசியில் அமெரிக்காவில் தனியார் ஜெட் செய்யும் கல்ஃப்ஸ்ட்ரீமும் சோவியத் யூனியனில் போர் விமானம் செய்யும் சுகோயும் சேர்ந்து இப்படி ஒரு ஜெட்டைத் திட்டமிட்டன. சில ஆண்டுகளிலேயே கல்ஃப்ஸ்ட்ரீம் விலகிக்கொண்டது. 1990களின் பிற்பகுதியில் பிரான்ஸின் டசால்ட் தன் ஃபால்கன் தனியார் ஜெட் வரிசையில் ஒலியை மிஞ்சும் ஒன்றைச் சேர்க்கப் பார்த்தது. டசால்ட் போர் விமானம் செய்கிற நிறுவனம், ஒலிவேகம் அவர்களுக்குப் புதிது இல்லை. ஆனாலும் பொருத்தமான எஞ்சின் கிடைக்கவில்லை என்று மூடி வைத்துவிட்டது.

ஏன் கிடைக்கவில்லை? இன்றைய பயணிகள் விமான எஞ்சினைப் பாருங்கள், முன்னால் பெரிய விசிறி. நிறையக் காற்றை மெதுவாகப் பின்னே தள்ளுகிறது. அதனால்தான் எரிபொருளும் மிச்சம், சத்தமும் குறைவு. ஒலிவேகத்தைத் தாண்ட வேண்டுமென்றால் இந்த அகலமே எதிரி, காற்றின் எதிர்ப்பு எகிறிவிடும். ஒல்லியான எஞ்சின் வேண்டும், அது காற்றை வேகமாகப் பீய்ச்ச வேண்டும். அப்படிச் செய்தால் புறப்படும்போது காது கிழியும், விமான நிலையத்தின் சத்த வரம்பில் மாட்டிக்கொள்ளும். இன்னொரு தொல்லையும் உண்டு. சாதாரண விமானத்தின் எஞ்சின் தன் உச்ச சூட்டை ஏறும்போது சில நிமிடங்கள்தான் தாங்குகிறது. ஒலியை மிஞ்சும் விமானத்திலோ, உள்ளே நுழையும் காற்றே அழுந்திச் சூடாகித்தான் வருகிறது. எஞ்சின் மணிக்கணக்கில் அந்தச் சூட்டிலேயே ஓடியாக வேண்டும்.

போர் விமான எஞ்சினை எடுத்துப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், பறக்கும். பறப்பதோடு வேலை முடியவில்லையே. பணக்காரரின் ஜெட் இரவு பத்து மணிக்குக் குடியிருப்புகளுக்கு மேல் ஏற வேண்டும், அடிக்கடி கழற்றாமல் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும். போர் விமான எஞ்சின் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

இதில் எல்லாரையும்விட அதிக தூரம் போனது ஏரியன். 2003இல் தொடங்கிய அமெரிக்க நிறுவனம், டெக்ஸஸ் கோடீஸ்வரர் ராபர்ட் பாஸின் பணம். ஏர்பஸ், லாக்ஹீட் மார்ட்டின், போயிங் என்று அடுத்தடுத்துப் பெரிய கூட்டாளிகள். ஏஎஸ்2 என்று பெயரிட்ட ஜெட் 8 முதல் 12 பேரை ஏற்றிக்கொண்டு மாக் 1.4 வேகத்தில், அதாவது ஒலியைப் போல 1.4 மடங்கு வேகத்தில் பறக்கும் என்றார்கள். விலை 120 மில்லியன் அமெரிக்க டாலர். எஞ்சினையும் சும்மா விடவில்லை. எஞ்சின் செய்யும் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் 2018இல் 'அஃபினிட்டி' என்ற வடிவமைப்பை அறிவித்தது. அதன் மையப்பகுதி, போயிங் 737இல் ஓடும் சிஎஃப்எம்56 எஞ்சினின் வழியில் வந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். பத்து ஆண்டுகளில் சுமார் 300 ஜெட் விற்கும் என்பது ஏரியனின் எதிர்பார்ப்பு. ஒன்றுக்கு மூன்று எஞ்சின், ஆக 900. சிஎஃப்எம்56 எஞ்சின்களோ 30,000க்கு மேல் விற்றவை. புது எஞ்சினை வடிவமைத்து, சோதித்து, சான்றிதழ் வாங்கும் செலவை 30,000 எஞ்சின்மீது பரப்புவது ஒன்று, 900மீது பரப்புவது வேறொன்று. அதுவும் தனியார் ஜெட் ஆண்டுக்குச் சில நூறு மணி நேரம்தான் பறக்கும். உதிரிபாகம் விற்று, பராமரிப்பு பார்த்து எஞ்சின்காரர் சம்பாதிப்பதற்கும் வழி குறைவு. என்னைக் கேட்டால் ஏரியனின் கதை இந்த 900இலேயே முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் பிறகு நடந்தவை.

அடுத்த தவறு, ஆர்டர் எண்ணிக்கையை நம்புவது. 2021 தொடக்கத்தில் ஏரியன் தன் கையில் பத்து பில்லியன் டாலருக்கு மேல் ஆர்டர் இருப்பதாகச் சொல்லிக்கொண்டது. அந்த மார்ச்சில், தனியார் ஜெட்டுகளைப் பங்கு போட்டு விற்கும் நெட்ஜெட்ஸ் நிறுவனம் 20 ஜெட்டுக்கு வாங்கும் உரிமை எடுத்துக்கொண்டது. மே மாதம் ஏரியன் கதவை மூடியது. உற்பத்திக்குப் போகத் தேவையான பெரும் முதலீட்டைத் திரட்ட முடியவில்லை என்றது. பத்து பில்லியன் டாலர் ஆர்டர் வைத்திருக்கிற நிறுவனம் எப்படிப் பணமில்லாமல் மூடும் என்று பலர் குழம்பினார்கள். குழப்பமே இல்லை. வாங்கும் உரிமை என்பது, கல்யாண மண்டபக்காரரிடம் "அந்த முகூர்த்தத் தேதியை எங்களுக்கு வைத்திருங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது மாதிரி. மண்டபம் கட்டுகிற செலவுக்கு அது உதவாது. அடுத்த முறை ஆர்டர் எண்ணிக்கையைப் பார்த்தால், எவ்வளவு முன்பணம், அது திரும்பக் கிடைக்குமா என்று தேடுங்கள். செய்தியில் அது இருக்காது, இல்லாததே ஒரு தகவல்தான்.

சோதனை விமானம் பறந்தால் ஜெட் வந்துவிட்டதாக நினைப்பதும் இதே வகை. ஸ்பைக் ஏரோஸ்பேஸ் 2014இல் ஜன்னலே இல்லாத கேபினைக் காட்டி உலகத்தையே பேச வைத்தது, சுவர் முழுக்கத் திரை. 2017இல் அவர்கள் பறக்கவிட்டது ஆளில்லாத சிறிய மாதிரி ஒன்றை, அதுவும் ஒலிவேகத்துக்குள்ளேதான். 2025 ஜனவரி 28 அன்று பூம் சூப்பர்சானிக் நிறுவனத்தின் எக்ஸ்பி-1 கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்துக்கு மேல் ஒலிவேகத்தைத் தாண்டியது. அது உண்மையான சாதனை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதில் இருந்தவை பழைய ராணுவப் பயிற்சி விமானங்களில் ஓடிய ஜே85 எஞ்சின்கள் மூன்று. அந்த நிறுவனம் விற்க நினைப்பதும் குட்டி ஜெட் கிடையாது, 60 முதல் 80 பேர் உட்காரும் பயணிகள் விமானம். அதற்கான எஞ்சின் கூட்டிலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் 2022இல் விலகியது. இப்போது எஞ்சினையும் அவர்களே செய்கிறார்கள். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி எஞ்சினிலேயே வந்து நிற்கிறோம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஒலிவேகத்தைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மட்டும் 'டமார்' என்று கேட்டுவிட்டு ஓய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விமானம் ஒலியைவிட வேகமாகப் போகும் வரை அந்த அதிர்வலை கூடவே தரையில் இழுபட்டுக்கொண்டு போகும். கீழே நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை கேட்கும், அவ்வளவுதான். 50,000 அடி உயரத்தில் பறந்தால், தரையில் அது கேட்கும் பட்டையின் அகலம் சுமார் 80 கிலோமீட்டர். நம் சிங்கப்பூர்த் தீவு கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். உட்லண்ட்ஸுக்கு மேலே போகும் ஒரே ஒரு ஜெட் ஜூரோங், தெம்பனிஸ், ஜோகூர் பாரு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திடுக்கிட வைக்கும், பாத்தாமுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். தேசிய தின ஒத்திகையில் மரினா பே பக்கம் கேட்கும் இரைச்சலை வைத்து இதை அளக்க வேண்டாம். அது ஒலிவேகத்துக்குள் பறக்கும் எஞ்சின் சத்தம், வேறு விஷயம்.

விமானம் சின்னதாகவும் லேசாகவும் இருந்தால் அதிர்வு குறையும் என்பது சரிதான். உடலை நீட்டி மெலிதாக்கினால் இன்னும் குறையும். நாசாவின் எக்ஸ்-59 அதைத்தான் சோதிக்கப் போகிறது. ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், உள்ளே ஒரே ஒரு விமானி, முன்பக்கம் கண்ணாடியே கிடையாது, கேமராத் திரையைப் பார்த்து ஓட்ட வேண்டும். 2025 அக்டோபர் 28 அன்று முதன்முதலாகப் பறந்தது. ஒரு ஆளுக்கு 30 மீட்டர் நீளம்! இதைப் பார்த்த பிறகும் பன்னிரண்டு பேர் கால் நீட்டி உட்காரும் கேபின் அடுத்த ஆண்டே வரும் என்று நம்புபவர்களின் மனத்தெம்பை மெச்ச வேண்டும்.

"அமெரிக்காதான் தடையை நீக்குகிறதே" என்பது புதிதாகச் சேர்ந்த வாதம். நிலத்துக்கு மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க அமெரிக்கா 1973இல் தடை போட்டது. அதை நீக்கச் சொல்லி 2025 ஜூனில் அதிபர் டிரம்ப் ஆணையிட்டார். அமெரிக்க வானத்துக்கு அது பெரிய செய்தி. சிங்கப்பூரிலிருந்து புறப்படுபவருக்கு அதனால் என்ன?

இதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே, ஒலியை மிஞ்சும் பயணிகள் விமானமான கான்கார்டை ஓட்டின. சாங்கி விமான நிலையம் அப்போது திறக்கவில்லை, பழைய பாய லேபார் விமான நிலையத்தில் வந்து இறங்கும். ஒரு விமானத்தின் இடப்பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலப்பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோமோ அந்த நிறுவனத்தின் விமானமாகத் தெரியும். மூன்று முறை வந்து போனதுமே நின்றுவிட்டது. மலாக்கா நீரிணைக்கு மேல் அந்த வேகத்தில் போகக் கூடாது என்று மலேசியா மறுத்தது. இந்தியாவும் தன் வானில் விடவில்லை. 1979 ஜனவரியில் மீண்டும் தொடங்கி, 1980 நவம்பரில் முழுதாக நின்றது. அந்த இருவண்ண விமானம் இப்போது நியூயார்க்கில் இன்ட்ரெப்பிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர்களின் வானம் இல்லாமல் நமக்கு வானமே இல்லை. மாக் எண்ணை வைத்து மட்டும் பயண நேரத்தைக் கணக்கிடுவது தப்பாகப் போவது இதனால்தான். லண்டனுக்கு ஏறக்குறைய 10,900 கிலோமீட்டர். மாக் 1.4 என்றால் உயரத்தில் மணிக்குச் சுமார் 1,490 கிலோமீட்டர். வகுத்தால் ஏழே கால் மணி நேரம் வருகிறது, ஆகா என்று தோன்றும். ஆனால் ஏஎஸ்2 அந்த வேகத்தில் ஒரே மூச்சில் போகும் தூரம் 7,800 கிலோமீட்டருக்குள்தான். ஆக, நடுவில் இறங்கி எரிபொருள் போட வேண்டும். வங்காள விரிகுடாவைத் தாண்டியதும் வழியில் பெரும்பகுதி நிலம், அங்கே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். எல்லாம் சேர்ந்தால், இன்று எங்கும் நிற்காமல் மாக் 0.9இல் பதினொன்றரை மணி நேரத்தில் போகும் சாதாரணத் தனியார் ஜெட்டை முந்துவதே பெரும்பாடு. கனடாவின் பம்பார்டியே நிறுவனம் செய்யும் குளோபல் 8000 என்ற தனியார் ஜெட் ஒலிவேகத்துக்கு ஒரு நூல் இந்தப் பக்கமே நின்றுகொண்டு, நிற்காமல் கிட்டத்தட்ட 14,800 கிலோமீட்டர் போகும். பணமுள்ளவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள்.

டோக்கியோ மாதிரிக் கடல்வழி ஊர்களுக்கு லாபம் உண்டு, ஒன்றரை இரண்டு மணி நேரம் மிச்சமாகலாம். அதற்கு 120 மில்லியன் கொடுக்கலாமா என்பது வாங்குபவர் பாடு.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்று: ஓடுபாதை. சிங்கப்பூருக்கு வரும் தனியார் ஜெட்டுகளில் நிறைய சிலேத்தார் விமான நிலையத்தில் இறங்குகின்றன. அங்கே ஓடுபாதையின் நீளம் 1,840 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முழு எடையோடு புறப்பட ஏஎஸ்2 கேட்டது சுமார் 2,300 மீட்டர். நம் ஊர் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் இன்னும் கூடத்தான் கேட்டிருக்கும். அந்த ஜெட் வந்திருந்தால் அதன் முதலாளி சாங்கிக்குப் போய், ஏ380க்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் புறப்பட்டிருப்பார்.