ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன்: கும்மிடிப்பூண்டிப் பக்கத்து அகதிக் குடும்பங்கள் இலவசமாக ஆலோசனை கேட்க

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருப்பவர்களுக்கும், ஆரம்பாக்கம், தடா, சூளூர்பேட்டை என்று பெயின்ட் வேலைக்குப் போய்வருகிற, முகாமுக்கு வெளியே பதிவு செய்து வாழும் வெளிப்பதிவுக் குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறேன். கனடா அனுப்புகிறேன், ஆஸ்திரேலியா அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து லட்சக்கணக்கில் பேச ஆரம்பித்தால், அவரை ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தில் நீங்கள் காசில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய இடங்கள் இருக்கின்றன. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை, சட்டப்படி இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஒரு பதிலுக்காக இழக்கக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது காகிதம், அதனால் அதிலிருந்தே தொடங்குங்கள். மனு எழுதிக் கொடுக்க உட்காரும்போதெல்லாம் நான் பார்ப்பது பெயர்க் குழப்பம்தான். இலங்கைப் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் முழுசாக முன்னால் இருக்கும், முகாம் பதிவில் அது ஒற்றை இனிஷியலாகச் சுருங்கியிருக்கும், ஆதாரில் பெயருக்குப் பின்னால் போயிருக்கும், பள்ளி டி.சி.யில் 'ராசா' 'ராஜா' ஆகியிருக்கும். நமக்கு அது ஒரே ஆள், கோப்பைப் பார்க்கிற அதிகாரிக்கு நாலு ஆள். ஒரு வெள்ளைத் தாளில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக, எந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறது, பிறந்த தேதி என்ன போட்டிருக்கிறது என்று எழுதி வையுங்கள். திருத்தம் பிறகு செய்யலாம், முதலில் எங்கே முரண் என்று தெரிய வேண்டும். முகாம் அடையாள அட்டை, குடும்பப் பதிவு, வந்து இறங்கிய தேதி உள்ள காகிதம், மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு இருந்தால் அதுவும், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தாத்தா பாட்டியின் பழைய தேயிலைத் தோட்டத்துக் காகிதங்கள், பழைய பாஸ்போர்ட் என எதையும் தூக்கிப் போடாதீர்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி வையுங்கள். அசல் ஆவணத்தை எந்த ஏஜென்ட் கையிலும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.

அப்புறம், நீங்கள் கேட்கப் போவது என்ன என்பதை முடிவு செய்யுங்கள். இங்கே பயமில்லாமல் இருப்பதா, இந்தியக் குடியுரிமையா, இலங்கைக்குத் திரும்புவதா, வேறு நாடா? நாலுக்கும் பதில் சொல்கிற இடம் வேறு வேறு. நாலையும் ஒரே ஆள் முடித்துத் தருகிறேன் என்றால் அங்கேயே சந்தேகப்படலாம்.

இங்கே இருப்பதைப் பற்றி: அகதிகள் குறித்த 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, தனி அகதிச் சட்டமும் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதோடு வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவுக்கு வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதனால் குடியுரிமை வந்துவிட்டது என்று சிலர் பரப்புகிறார்கள், அப்படி இல்லை. ஆனால் உங்கள் பதிவு எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரியும். வேலைக்காக ஆந்திரா பக்கம் நாள்கணக்கில் தங்கப் போகிறீர்கள் என்றால் முகாம் அலுவலரிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள், பதிவு விட்டுப் போனால் அதைச் சரிசெய்ய அலையும் அலைச்சல் பெரிது.

குடியுரிமை விஷயத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள், ஏனென்றால் நிறையப் பேருக்குத் தங்கள் உரிமையே தெரியாது. 1955 குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு இங்கே பிறந்த முதல் பிள்ளைகள் பலர் இந்தக் கணக்கில் வருகிறார்கள். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது இந்த விதியை வைத்துத்தான். 1987 ஜூலை 1-லிருந்து 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர் என்றால், பிறந்தபோது தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: அம்மா 1985-ல் இங்கே பிறந்தவர், மகன் 2003-ல் பிறந்தவர். அம்மா பிறப்பால் இந்தியர் என்றால் மகனும் இந்தியர்தானே? இப்படி வீட்டில் ஒருவரின் பிறந்த தேதி இன்னொருவரின் நிலையை மாற்றும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு விதி இன்னும் கடினம், அதை வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை, அதன்கீழ் வாங்கித் தருகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். இந்தியரைக் கல்யாணம் செய்தால் தானாகக் குடியுரிமை வந்துவிடும் என்பதும் தவறு. மலையகத் தோட்டத்து வம்சாவளிக் குடும்பங்களுக்கு தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை ஏற்பதாக இந்தியா இலங்கையோடு செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் சார்ந்த தனி வாதம் இருக்கிறது, இந்திய வம்சாவளியினரின் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொல்லி 2019-ல் மதுரைக் கிளை தீர்ப்பும் சொல்லியிருக்கிறது. தாத்தாவின் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

சரி, இதையெல்லாம் யாரிடம் கேட்பது? முதல் இடம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. நமக்குத் திருவள்ளூரில், நீதிமன்றத்தோடு சேர்ந்து இருக்கிறது. வட்ட அளவில் பொன்னேரி நீதிமன்றத்தில் போய்க் கேட்கலாம். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் வழக்குத் தொடுக்கவோ எதிர்கொள்ளவோ வேண்டியிருக்கும் 'ஒவ்வொரு நபரும்' என்றுதான் இருக்கிறது, குடிமகன் என்று இல்லை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, காவலில் இருப்பவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது, நம் ஆட்களில் பெரும்பாலானோர் அதற்குள்தான் வருவார்கள். ஆகவே வீட்டில் ஒரு பெண் பெயரில் மனு போட முடிந்தால் போடுங்கள், சுலபமாக நகரும். போகும் முன் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம், நாடு முழுக்க ஒரே எண் என்பதால் ஆந்திரா பக்கம் தடாவில் நிற்கும்போது பிரச்சினை என்றாலும் அதே எண்தான்.

போய் நின்றதும் ஊர்க் கதை முழுவதையும் சொல்லத் தொடங்காதீர்கள். "நான் இங்கே 1986-ல் பிறந்தேன், பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், இதோ கடிதம்" என்று முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லுங்கள். சொன்னவரின் பெயர், தேதி, அடுத்து எப்போது வரச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மனு கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்தாலும் இதே கதைதான், மனு எண் இல்லாவிட்டால் நீங்கள் வந்துபோனதற்கே சாட்சி இல்லை.

இரண்டாவது, யு.என்.எச்.சி.ஆர். என்று நாம் சொல்கிற ஐ.நா. அகதிகள் அமைப்பு, சென்னையில் அலுவலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழர் பதிவைத் தமிழக அரசுதான் செய்கிறது, இவர்கள் செய்வதில்லை. விருப்பப்பட்டு நாடு திரும்புகிறவர்களுக்கு விமானச் சீட்டு, வெளியேறும் அனுமதி போன்றவற்றில் உதவுவதுதான் நம் விஷயத்தில் இவர்களுடைய முக்கிய வேலையாக இருந்துவந்தது, இப்போதும் அது நடக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். இவர்களுடைய எந்தச் சேவைக்கும் கட்டணம் கிடையாது, மூன்றாம் நாட்டில் குடியமர்த்தும் பட்டியலில் பெயர் சேர்க்கிறேன் என்று பணம் கேட்பவர் எந்த அடையாள அட்டையைக் காட்டினாலும் நம்பாதீர்கள். திரும்பிப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: 2025 மே மாதம், இப்படி முறைப்படி திரும்பிய ஒரு முதியவரை, முன்பு அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனதற்காகப் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். இப்போதைய நிலை என்ன, இறங்கியதும் நமக்காக யார் நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டு பிறகு பெட்டியைக் கட்டுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமைப் பதிவு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் நடக்கும். 1984-லிருந்து நம் ஆட்களுக்காக வேலை செய்யும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் இந்தப் படிவங்கள் பற்றி விசாரிக்கலாம்.

வெளிநாடு என்றால், படகை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 2013 ஜூலை 19-க்குப் பிறகு படகில் வருபவர்களைக் குடியமர்த்துவதில்லை என்பது ஆஸ்திரேலியாவின் முடிவு, ஆட்சி மாறியும் அது மாறவில்லை. 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு புறப்பட்ட படகைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை, அதில் குழந்தைகளும் இருந்தார்கள். 2022 நவம்பரில் வியட்நாம் பக்கம் மூழ்க இருந்த படகிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட இலங்கையர்களை மீட்டார்கள், அவர்களிடமும் கனடா என்றுதான் சொல்லியிருந்தார்கள். முறையான வழி மெதுவானது, ஆனால் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மனிதாபிமான விசாவுக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க வழக்கமாக அரசுக் கட்டணம் கிடையாது, 202 என்ற வகைக்கு அங்கே இருக்கிற குடிமகன், நிரந்தர வதிவிடம் பெற்றவர், அமைப்பு போன்ற ஒருவர் முன்மொழிய வேண்டும். கனடாவில் ஐந்து பேர் சேர்ந்து அகதிக்கு ஸ்பான்சர் செய்யும் முறைக்கு 2024 நவம்பர் இறுதியில் புது விண்ணப்பம் எடுப்பதை நிறுத்தினார்கள், ஆகவே அந்த வழியில் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுபடி திறந்திருக்கிறதா என்று கனடா அரசின் தளத்தில் பாருங்கள்.

ஏற்கெனவே ஆஸ்திரேலியா போய்விட்ட சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடியேற்ற முகவரோ வக்கீலோதான் ஆலோசனை சொல்லலாம், முகவர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. சிட்னியில் ராக்ஸ் (RACS), மெல்போர்னில் ரெஃப்யூஜி லீகல், அசைலம் சீக்கர் ரிசோர்ஸ் சென்டர் என்ற அகதிகளுக்கான உதவி அமைப்புகள் எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். 131 450-க்கு அழைத்துத் தமிழ் என்றால் மொழிபெயர்ப்பாளர் வருவார். நேர்காணலில் அரைகுறை ஆங்கிலத்தில் சமாளிக்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உரிமை. ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கதையைச் சொல்லவே வேண்டாம். ஒரே கதையைப் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதிகாரி அதை முன்பே கேட்டிருப்பார், தேதி ஒன்று இடறினால் நீங்கள் உண்மையாகவே பட்ட பாட்டையும் நம்ப மாட்டார்கள். நடந்தது நடந்தபடி, தேதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்று சொன்னால் போதும். நிராகரிப்புக் கடிதம் வந்தால் மேல்முறையீட்டுக்கான கெடு அதிலேயே இருக்கும், அன்றைக்கே இலவச வக்கீலை அழைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால், அகதி புகார் கொடுத்தால் நம் மீதே கேஸ் திரும்பும் என்ற பயத்தில் பேசாமல் இருந்துவிடாதீர்கள், அந்தப் பயத்தை நம்பித்தான் இவர்கள் தொழிலே நடக்கிறது. ஜிபே ரசீது, வாய்ஸ் மெசேஜ், அவர் அனுப்பிய போலி விசாப் படம் எதையும் அழிக்காமல், நேராகக் காவல் நிலையம் போகும் முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் வக்கீல் ஒருவர் கூட வர முடியுமா என்று கேளுங்கள்.