பிஎம் கிசான் 2,000 ரூபாய் ஏறவில்லையா? காரணத்தை ஃபோனிலேயே பார்க்கலாம்

தவணை விட்டதாகச் செய்தி வந்ததும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்கு ஓடுவதுதான் வழக்கம். ‘வரலைங்க’ என்று மட்டும்தான் அங்கே சொல்ல முடியும். ஏன் வரவில்லை என்பது பிஎம் கிசான் இணையதளத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

திட்டத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்பவர்களுக்கு: இது சொந்த நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவித்தொகை. வருடத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம்; அதில் ஒருவருக்குத்தான் பணம். வருமான வரி கட்டுகிறவர்களுக்குக் கிடையாது. நிலம் தன் பேரில் இருக்க வேண்டும் என்பதால் குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களுக்கும் கிடையாது. சேற்றில் இறங்குகிறவரை விட்டுவிட்டுப் பட்டாதாரருக்குப் போகிறதே என்று எனக்கும் ஆதங்கம்தான். விதி அப்படி.

படி 1: பதிவு எண்

பிஎம்கிசான்.ஜிஓவி.இன் தளத்தில் ‘நோ யுவர் ஸ்டேட்டஸ்’ என்பதை அழுத்துங்கள். பதிவு எண் கேட்கும். ஞாபகம் இல்லையென்றால் அதே பக்கத்தில் ‘நோ யுவர் ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர்’ இருக்கிறது. மொபைல் எண்ணோ ஆதார் எண்ணோ போட்டால் ஓடிபி வரும், எண் கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பில் ‘பிஎம் கிசான்’ என்ற பேரில் சுற்றும் ஏபிகே ஃபைலை (ஃபோனில் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல்) மட்டும் தொடாதீர்கள். கணக்கில் இருப்பதையும் வழித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

படி 2: மூன்று வரிகள்

பேர், ஊர் எல்லாம் தாண்டிக் கீழே வந்தால் லேண்ட் சீடிங் (நில விவரத்தைப் பதிவோடு இணைப்பது), இ-கேஒய்சி (ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பது), ஆதார் பேங்க் அக்கவுண்ட் சீடிங் (ஆதாரைப் பேங்க் கணக்கோடு இணைப்பது) என்று மூன்று வரிகள். எதிரே ‘யெஸ்’ அல்லது ‘நோ’. ஒன்றில் ‘நோ’ இருந்தாலும் தவணை நின்றுவிடும். எந்த ஆபீஸுக்குப் போவது என்பதை அந்த ‘நோ’தான் சொல்லும்.

படி 3: ‘நோ’வைச் சரிசெய்வது

இ-கேஒய்சி சுலபம். ஆதாரில் மொபைல் எண் இருந்தால் தளத்திலேயே ஓடிபி போட்டு முடிக்கலாம். இல்லையென்றால் பொது சேவை மையத்தில் கைரேகை. ரேகை தேய்ந்துபோன பெரியவர்களுக்கு, பிஎம் கிசான் ஆப்பில் முகத்தைக் காட்டிச் செய்யும் வசதி உண்டு.

லேண்ட் சீடிங்குக்குச் சிட்டா, ஆதார் நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பேரில் இருந்தால் முதலில் பட்டா மாறுதல். 1.2.2019க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்தை வைத்துச் சேர முடியாது. வாரிசாக வந்த நிலம் என்றால் முடியும்.

பேங்க் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். ‘ஆதார் அப்பவே கொடுத்துட்டேனே’ என்பார்கள். கேஒய்சிக்கு ஆதார் கொடுப்பது வேறு. அரசுப் பணம் இந்தக் கணக்கில் விழ வேண்டும் என்று, பேங்குகளுக்கு இடையே பணம் அனுப்புவதைக் கவனிக்கும் என்பிசிஐ நிறுவனத்தில் இணைப்பது வேறு. ஒரு ஆதாருக்கு அங்கே ஒரே கணக்குதான், கடைசியாக இணைத்தது எதுவோ அது. மைஆதார் தளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் எந்த பேங்க் என்று காட்டும். மூன்றும் ‘யெஸ்’ ஆகியும் பணத்தைக் காணோம் என்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். நூறு நாள் வேலைக்காக என்றோ திறந்த கணக்கில் இரண்டு மூன்று தவணை சேர்ந்து கிடக்கலாம். மாற்ற வேண்டுமானால், வேண்டிய பேங்கில் ‘என்பிசிஐ ஆதார் சீடிங்’ படிவம் என்று கேட்டு எழுதிக் கொடுங்கள்.

புரோக்கர்கள் வேண்டவே வேண்டாம். 2020இல் தமிழ்நாட்டில் தகுதியே இல்லாதவர்களை லட்சக்கணக்கில் சேர்த்துவிட்ட மோசடி வெளியே வந்தது. கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கமெல்லாம் பணத்தைத் திரும்பப் பிடித்தார்கள்.

ஸ்டேட்டஸில் ‘எஃப்டிஓ ஜெனரேட்டட்’ என்று வந்திருந்தால் பணம் அனுப்ப உத்தரவு ஆகிவிட்டது, சில நாள் பொறுங்கள். அப்படியும் ஏறவில்லையென்றால் 155261 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.